தரைக்குள் ஒரு பிளாட்டினக் கம்பி

மலேசியாவின் துறைமுக ஊரான கிள்ளானில் தரைக்குச் சூடு ஏற்றுகிறார்கள் என்று சொன்னால் இந்த ஊர் வெயிலில் நிற்கும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை. இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சி, ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஆட்டுக்கறி, மீன், இறால், ஐஸ்கிரீம் எல்லாம் கப்பலை விட்டு இறங்கியதும் உறைகிடங்குக்குத்தான் போகின்றன. உறைந்த உணவுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வரம்பு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். கிடங்குக்காரர்கள் அதற்கும் சில டிகிரி கீழேயே வைத்திருப்பார்கள். தீபாவளிக்கு முன்பு சந்தையில் நாம் வாங்கும் உறைந்த ஆட்டுக்கறி அப்படியொரு அறையில் வாரக்கணக்கில் கிடந்துதான் நம் சட்டிக்கு வருகிறது. அந்த அறை மண்ணோடு ஒட்டிக் கட்டப்பட்டதாக இருந்தால், முறையாகக் கட்டப்பட்டதாகவும் இருந்தால், அதன் தரைக்கடியில் இரவும் பகலும் மெல்லிய சூடு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சூடு எவ்வளவு என்று சொல்வதற்காகக் காங்கிரீட்டுக்குள் ஒரு சிறு கருவி படுத்திருக்கும். சுண்டுவிரலைவிட மெலிந்த எஃகுக் குழல், அதன் நுனியில் அரிசிமணி அளவில் ஒரு பீங்கான் துண்டு, அந்தத் துண்டின்மேல் இழைத்த பிளாட்டினம், வால் போல இரண்டோ மூன்றோ ஒயர். எலக்ட்ரிகல் கடையில் ‘சென்சர்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். விலையும் பெரிதல்ல. ஆனால் அது தரைக்குள் வந்து சேர 160 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கிளம்பிய இடத்திலேயே மலாயாக் காட்டு மரத்தின் பாலும், சிங்கப்பூருக்கு வரவேண்டிய ஒரு கம்பியும் இருந்தன.

1840களில் சிங்கப்பூரில் வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் இருந்தார். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்த ஒரு பொருள் அவர் கண்ணில் பட்டது. வெந்நீரில் போட்டால் களிமண் போல இளகும், ஆறினால் மரம்போல இறுகும். 1843இல் அவர் அதன் மாதிரிகளைப் பிரிட்டனுக்கு அனுப்பினார். கெத்தா பெர்ச்சா என்று நாம் சொல்லும் மரப்பால்தான் அது. ரப்பர் இந்த மண்ணுக்கு வருவதற்கு வெகு முன்பே மலாயாவிலிருந்து உலகம் கேட்டு வாங்கிய பால் இதுதான். உப்புநீரில் கெடாது, மின்சாரத்தைக் கசியவிடாது. 1847இல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் இதைச் செம்புக் கம்பியின்மேல் இடைவெளியில்லாமல் பூசும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1851இல் இங்கிலாந்தின் டோவரையும் பிரான்சின் கலேயையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி இந்தப் பாலைப் போர்த்திக்கொண்டுதான் கடலில் இறங்கியது. அதற்குப் பிறகு உலகக் கடல்களின் அடியில் போட்ட கம்பிகளுக்கெல்லாம் நம் காட்டு மரங்கள் வெட்டப்பட்டன. நூற்றாண்டு முடிவதற்குள் தீபகற்பத்தில் அந்த மரம் அரிதாகிவிட்டது. கடலடித் தந்தியின் புகழைப் பாடும் புத்தகங்கள் இந்த இழப்பை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

இந்தப் பாலுக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு பட்டால் இளகும். இளகினால் உள்ளே ஓடும் செம்புக் கம்பி நடுவை விட்டு நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தில் என்றாவது மின்சாரம் கசியும். அது கடலுக்கடியில் நடந்தால் கம்பி முழுவதும் வீண்.

1860இல் ரங்கூனையும் சிங்கப்பூரையும் இணைக்க இங்கிலாந்தில் ஒரு கம்பி தயாரானது. கெத்தா பெர்ச்சாவுக்கு மேல் சணல், சணலுக்கு மேல் இரும்புக் கம்பிகள். அதைக் கப்பலின் வயிற்றில் வளையம் வளையமாகச் சுற்றி அடுக்கினார்கள். ஈரச் சணலும் இரும்பும் நெருங்கிக் கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடிக்கும்போது வெப்பம் வரும். மேலே தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். நடு அடுக்கில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். மைல்கணக்கான கம்பிக் குவியலின் நடுவில் கண்ணாடி வெப்பமானியைச் செருக முடியாது. செருகினாலும் அதைப் படிக்க ஆள் போக முடியாது.

வெர்னரின் தம்பி வில்லியம் சீமென்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். உலோகம் சூடானால் அதில் மின்சாரம் ஓடுவது கடினமாகும். அந்தக் கடினத்தை, அதாவது மின்தடையை, எவ்வளவு தொலைவிலிருந்தும் அளக்கலாம். மெல்லிய செம்புக் கம்பியைத் தண்டில் சுற்றி, குழாய்க்குள் அடைத்து, தண்ணீர் புகாமல் மூடினார். கம்பியை அடுக்கும்போதே இந்தக் குழாய்களை இடையிடையே வைத்து, அவற்றின் முனைகளை மட்டும் மேலே கொண்டுவந்தார். மேலே நின்று தடையை அளந்தபோது உள்ளே வெப்பம் ஏறுவது தெரிந்தது. மேலே குளிர்ந்திருந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தவர்கள் நம்பத் தயங்கினார்கள். குவியல்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டியபோது அது வெதுவெதுப்பாக வெளியே வந்தது. கம்பி தப்பித்தது.

எட்ட முடியாத இடத்தில் ஒரு உலோகச் சுருளை முன்கூட்டியே புதைத்துவைத்து, ஒயரை மட்டும் வெளியே எடுத்து வெப்பத்தை அறிவது: கிள்ளான் கிடங்கின் தரைக்குள் இன்று நடப்பதும் இதே வேலைதான். சீமென்ஸ் கையாண்ட முறை மாறவில்லை. அடுக்கிய பிறகு செருகவில்லை, அடுக்கும்போதே வைத்தார். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். பின்னால் மறுபடியும் இதற்கு வருவேன்.

ரங்கூன்–சிங்கப்பூர் கம்பி இந்தப் பக்கம் வரவே இல்லை. திட்டம் மாறி, 1861இல் மத்தியதரைக் கடலில் மால்ட்டாவுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் நடுவே போய்ப் படுத்தது. நம் கடலுக்கு வந்தது வேறொரு கம்பி. சென்னையில் கிளம்பி, பினாங்கில் கரையேறி, மறுபடி இறங்கிச் சிங்கப்பூருக்குப் போன கம்பி. 1871 தொடக்கத்தில் அதில் செய்தி ஓடியது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கப்பலில் பல நாள் பிடித்த செய்தி நிமிடங்களில் வந்து சேர்ந்தது. அடுத்த தலைமுறையில் மலாயாவின் தந்தி மேசைகளிலும் ரயில் நிலையங்களிலும் உட்கார்ந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் கணிசமானவர்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த குடும்பங்களின் வேர் இந்தக் கம்பிகளோடும் தண்டவாளங்களோடும் பின்னிக் கிடக்கிறது.

அதே 1871இல் லண்டன் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில் வில்லியம் சீமென்ஸ் தன் வெப்பமானியை விளக்கினார். இப்போது செம்புக்குப் பதில் பிளாட்டினம். அது துருப்பிடிக்காது, உலைச் சூட்டிலும் உருகாது. ஆனால் அவருடைய கருவி உலையில் கிடந்து கிடந்து அளவு மாறியது. ஆய்ந்து பார்த்த குழு நம்பகமில்லை என்றது. கருவியின் வாழ்க்கையில் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் இருட்டு. குற்றம் பிளாட்டினத்தில் இல்லை, அதைச் சுற்றியிருந்த களிமண்ணிலும் இரும்பு உறையிலும் இருந்தது என்று காட்டியவர் ஹ்யூ காலண்டர். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த இருபத்துச் சொச்ச வயது இளைஞர். சுத்தமான பிளாட்டினத்தை, எதுவும் தீண்டாதபடி, இறுக்கிப் பிடிக்காமல் வைத்தால் அது வருடக்கணக்கில் ஒரே பேச்சுப் பேசும் என்று 1887இல் வெளியான தன் கட்டுரையில் நிறுவினார். இன்றைய சர்வதேச வெப்ப அளவுகோலான ஐ.டி.எஸ். 90, ஹைட்ரஜன் உறையும் கடுங்குளிரிலிருந்து வெள்ளி உருகும் 961.78 டிகிரி வரை பிளாட்டின வெப்பமானியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது.

பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறையிலிருந்து வருகிறது. 1924இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி அந்தப் படிவைக் கண்டறிந்தார். இன்றும் உலகின் புதிய பிளாட்டினத்தில் சுமார் எழுபது விழுக்காடு அந்த நாட்டுடையது. கம்பியாகச் சுற்றிய காலம் பெரும்பாலும் போய்விட்டது. பீங்கான் தகட்டில் பிளாட்டினத்தை மெல்லிய படலமாகப் படியவைத்து, லேசரால் வளைந்து வளைந்து செல்லும் கோடாகச் செதுக்கி, தடை சரியாக 100 ஓம் வரும்வரை திருத்துகிறார்கள். அதனால்தான் கைக்கு அடக்கமான விலை.

அந்த 100 ஓம்தான் கருவியின் பெயர். பி.டி.100 என்றால், சூனிய டிகிரியில் 100 ஓம் தடை காட்டும் பிளாட்டினம். கொதிநீரின் சூட்டில் அது 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் ஏறுகிறது. இந்தச் சிறு எண்ணைக் கவனித்துப் படிக்க வேண்டும். கட்டுமானத் தளங்களில் நடக்கும் தவறுகள் பல இதில்தான் இருக்கின்றன. சென்சரிலிருந்து கன்ட்ரோல் பெட்டிக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 15 மீட்டர் போகிறது என்று வையுங்கள். போக 15, வர 15. அந்த ஒயரின் தடை மட்டுமே சுமார் 1 ஓம். பெட்டிக்கு அது பிளாட்டினத்தின் தடையா ஒயரின் தடையா என்று தெரியாது. மொத்தத்தையும் கூட்டி, உண்மையைவிட இரண்டரை டிகிரிக்கு மேல் அதிகமாகச் சொல்லிவிடும். இதற்காகத்தான் மூன்றாவது ஒயர். அது ஒயரின் தடையைத் தனியே அளந்து கழித்துவிடுகிறது. இல்லையென்றால் 1,000 ஓம் கொண்ட பி.டி.1000 வாங்கவேண்டும். அதில் அதே ஒயர் கால் டிகிரிக்குச் சற்று மேல்தான் கெடுக்கும். மூன்று ஒயர் கொண்ட சென்சரை வாங்கிவந்து, ‘ஒரு ஒயர் மிச்சம்’ என்று வெட்டி எறிந்துவிட்டுப் போகும் வேலையை இந்த வட்டாரத்தில் யாரும் செய்யக்கூடாது. இரண்டரை டிகிரி பெரிதா என்று கேட்டால், ஆம், மிகப் பெரிது. ஏன் என்று புத்ராஜெயாவில் பார்க்கலாம்.

அதற்கு முன் தரையின் கதையைச் சொல்ல வேண்டும். தரையைச் சூடாக்குவது பழைய பழக்கம். ரோமானியர் குளியல் மண்டபங்களில் தரையைத் தூண்கள்மேல் தூக்கி அடியில் உலைக்காற்றை ஓடவிட்டார்கள். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கடியில் செலுத்தும் ஒண்டோல் இன்றும் வேறு வடிவில் வாழ்கிறது. காங்கிரீட்டுக்குள் குழாய் வைத்து வெந்நீர் ஓட்டும் முறையை அமெரிக்க வீடுகளுக்குள் பிரபலமாக்கியவர்களில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் முக்கியமானவர். விஸ்கான்சினில் 1937இல் முடிந்த ஜேக்கப்ஸ் வீடு அதற்குச் சாட்சி. போருக்குப் பின் நியூயார்க் அருகே லெவிட்டவுனில் ஆயிரக்கணக்கான வீடுகளின் தரைக்குள் செம்புக் குழாய் போட்டார்கள். ஆண்டுகள் போகப் போகச் செம்பு அரித்து, காங்கிரீட்டுக்குள் கசிந்து, தரையை உடைக்கும் நிலை வந்தது. இந்த முறைக்கு மறுவாழ்வு கொடுத்தது பிளாஸ்டிக். ஜெர்மானியர் தாமஸ் எங்கெல் 1960களின் கடைசியில் பாலிஎத்திலீனின் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கும் வழியைக் கொடுத்தார். அந்தக் குழாயைத்தான் இன்று பெக்ஸ் என்கிறோம்.

குளிர்நாடுகளில் கார் நிறுத்தும் அறையின் தரைக்குள்ளும் இந்தக் குழாயை ஓடவிடுகிறார்கள். பனி ஒட்டிய கார் உள்ளே வந்ததும் பனி உருகிக் காய்ந்துவிடும், படுத்துக்கொண்டு கார் ரிப்பேர் பார்ப்பவருக்கு முதுகு விறைக்காது. அங்கே பலரும் செய்யும் தவறு, சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்புவது. காற்று சீக்கிரம் மாறும், காங்கிரீட் மாறாது. 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள காங்கிரீட் தரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 480 கிலோ எடை. அதை ஒரே ஒரு டிகிரி சூடாக்க, 60 வாட் பல்ப் இரண்டு மணி நேரம் எரியும் மின்சாரம் வேண்டும். காற்று குளிர்ந்துவிட்டது என்று தெர்மோஸ்டாட் சொல்லும்போது வெந்நீரைத் திறந்தால் தரை சூடேறப் பல மணி நேரம் ஆகும். காற்று போதும் என்று சொல்லும்போது மூடினால், தரை தன்னிடமுள்ள சூட்டை அதற்குப் பிறகும் பல மணி நேரம் கொட்டிக்கொண்டே இருக்கும். தரையைக் கேட்காமல் தரையை ஆள முடியாது. அதற்காகத்தான் சென்சர் காங்கிரீட்டுக்குள் இறங்கியது.

இறங்கிய இடமும் முக்கியம். குழாயை ஒட்டி வைத்தால் அது குழாயின் சூட்டைச் சொல்லும், தரையின் சூட்டைச் சொல்லாது. வெளிச்சுவர் ஓரத்தில் வைத்தால் வெளிக்குளிரைச் சேர்த்துச் சொல்லும். இரண்டு குழாய் வரிகளுக்குச் சரிநடுவில், எந்தக் குழாயையும் தொடாமல், மேற்பரப்புக்குக் கிட்டத்தில் அது படுக்க வேண்டும்.

இப்போது கிள்ளானுக்குத் திரும்புவோம். துறைமுக வட்டாரம் சேற்றுக் களிமண் நிலம், தோண்டினால் உடனே தண்ணீர். அந்த மண்ணின்மேல் மைனஸ் 20 டிகிரி அறை ஒன்றைக் கட்டினால் என்ன ஆகும்? தரைக்கு எவ்வளவு தடிமனான காப்புப் பலகை போட்டாலும் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசியும். நம் மண் ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரியில் இருப்பதால் உறைவதற்குக் குளிர்நாட்டைவிட அதிகக் காலம் பிடிக்கும். ஆனால் கிடங்குக்கு விடுமுறை கிடையாது. அறை பெரிதாக இருந்தால், நடுத்தரைக்குப் பக்கவாட்டு மண்ணிலிருந்து சூடு வந்து சேராது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒரு நாள் தரைக்கடி மண் சூனியத்தைத் தொடும்.

மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிவதால் தரை உயர்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது கதையின் சிறு பகுதிதான். அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1930இல் வெளியிட்ட சோதனைகளில், உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். அப்போதும் மண் மேலே தூக்கியது. உறையும் எல்லை கீழேயுள்ள ஈரத்தை நுண்துளைகள் வழியே தன்னிடம் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, பனிக்கட்டி அடுக்கடுக்காகப் பருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. நுண்துகள் மண்ணும் அடியில் நீரும் இருந்தால் போதும், பனி தடிக்கத் தடிக்கத் தரை எழும்பும். காங்கிரீட் பிளக்கும், உயர அடுக்குகள் சாயும், ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதை மேடு பள்ளமாகும். கிள்ளான் மண்ணில் நுண்துகளுக்கும் நீருக்கும் குறைவில்லை.

மருந்து எளிது. காப்புப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள அடுக்கில் மெல்லிய சூடு. மின்சாரக் கம்பிவலை போடலாம். இல்லையென்றால் குளிரூட்டும் கம்ப்ரஸர் எப்படியும் வெளியே வீசி எறியும் வெப்பத்தையே, உறையாமலிருக்க கிளைகோல் கலந்த நீரில் ஏற்றி, தரைக்கடிக் குழாயில் சுற்றவிடலாம். இரண்டாவதுதான் எனக்கு அறிவுள்ள வழியாகப் படுகிறது. எறியும் சூடு இலவசம். அந்த அடுக்கை உறைநிலைக்கு மேல் ஐந்து டிகிரி போலப் பிடித்துவைத்தால் போதும். அதற்குமேல் சூடேற்றினால் அந்தச் சூட்டையும் சேர்த்து வெளியேற்ற மேலே உள்ள இயந்திரம் உழைக்க வேண்டும். மேலே குளிர், கீழே சூடு, இரண்டுக்கும் மின்கட்டணம். ஆகவே அளவு தெரிய வேண்டும். பிளாட்டினம் புதைந்திருக்கும் இடம் இதுதான்.

இந்த இடத்தில் சென்சர் செத்தால் யாருக்கும் தெரியாது. தரை உடனே எழும்பாது. அறையில் குளிர் சரியாக இருக்கும், சரக்கு சரியாக இருக்கும், எல்லாம் நலம். பல மாதம் கழித்துக் கதவு உரசும்போதுதான் கீழே பனி பருத்த செய்தி வரும். பிறகு சரக்கு முழுவதையும் காலிசெய்து, மண்ணை மெதுவாக உருகவைத்து, தரையை உடைத்துப் போட வேண்டும். ஒரு சென்சரின் விலைக்கும் அந்தச் செலவுக்கும் ஒப்பீடே இல்லை. எனவே ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு சென்சர் வைத்து, அதன் அளவை யாராவது வாரம் ஒருமுறையாவது எழுதிவைக்க வேண்டும்.

கிள்ளானிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இதே சென்சருக்கு எதிர்மாறான வேலை. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் தலைமையகம் இருக்கிறது. 2010இல் முடிந்த கட்டடம், தலைகீழாகக் கவிழ்த்த பிரமிடு போல மேலே விரிந்து கீழே குறுகும். சுவர் 25 டிகிரி வெளியே சாய்ந்திருப்பதால் கட்டடமே தனக்கு நிழல். வைரக் கட்டடம் என்பது அதன் செல்லப்பெயர். அதன் மாடித் தரைகளின் காங்கிரீட்டுக்குள் பெக்ஸ் குழாய் ஓடுகிறது. அதில் ஓடுவது குளிர்நீர். இரவில் நீரை ஓட்டித் தரைகளைக் குளிரவைத்துவிடுகிறார்கள், பகலில் அந்தக் காங்கிரீட் அலுவலகத்தின் சூட்டை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே கன அளவுத் தண்ணீர் காற்றைவிட சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். பெரிய காற்றுக் குழாய்களும் விசிறிகளும் செய்யும் வேலையில் ஒரு பகுதியை மெல்லிய நீர்க்குழாய் செய்துவிடுகிறது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 85 யூனிட் மின்சாரம் என்று திட்டமிட்டார்கள். சாதாரண மலேசிய அலுவலகம் 200க்கும் மேல் தின்னும்.

இது திடீரென முளைத்ததல்ல. புத்ராஜெயாவிலேயே 2004இல் எரிசக்தி அமைச்சுக்கு டென்மார்க்கின் உதவியோடு குறைமின் அலுவலகம் ஒன்று எழுந்தது. 2007இல் பாங்கியில் மலேசிய எரிசக்தி மையம் தன் அலுவலகத்தைக் கட்டியபோது தரைக்குள் குளிர்நீர் ஓட்டும் முறை அதில் வந்தது. அந்தப் பரம்பரையின் மூன்றாவது பிள்ளை வைரக் கட்டடம். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் 2006 முதல் நீங்கள் நடந்துபோகும் தரையும் இதே வகைதான். ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் ஒரே கட்டடத்தை இரண்டு சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நல்ல ஏர்கான், மறுபாதிக்குக் காங்கிரீட்டுக்குள் குளிர்நீர் என்று போட்டியே வைத்துப் பார்த்தது. குளிர்நீர்ப் பாதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அலுவலகம் கட்டுவோர் அந்த முடிவை எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது அந்த இரண்டரை டிகிரி. கோலாலம்பூரின் வெளிக்காற்று பகலில் 32 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்று வையுங்கள். அந்தக் காற்று சுமார் 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதன்மேல் நீர் பூக்கும். அறைக்குள் காற்று 24 டிகிரி, ஈரம் 55 விழுக்காடு என்றால் அந்த எல்லை 14 டிகிரிக்குப் போய்விடுகிறது. 20 டிகிரித் தரை உள்ளே காய்ந்தே கிடக்கும். ஆனால் யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டால், மழைக்குப் பின்னான வெளிக்காற்று உள்ளே வந்தால், அதே தரையில் தண்ணீர் நிற்கும், ஆள் வழுக்கி விழுவார். காற்று முதலில் காய வேண்டும், பிறகுதான் தரை குளிர வேண்டும். காற்றின் ஈரத்தையும் தரையின் வெப்பத்தையும் கணத்துக்குக் கணம் ஒப்பிட்டு, நெருங்கினால் குளிர்நீரை நிறுத்தும் ஏற்பாடு வேண்டும். இந்த ஒப்பீட்டில் தரைச் சென்சர் இரண்டரை டிகிரி அதிகமாகச் சொன்னால், காய்ந்திருக்கிறது என்று கணினி நினைக்கும் தரை ஏற்கெனவே வியர்த்திருக்கும். காலுக்கும் வரம்பு உண்டு: செருப்போ ஷூவோ போட்டவருக்குத் தரை 19க்கும் 29க்கும் இடையில் இருந்தால் சுகம் என்கிறது ஐ.எஸ்.ஓ. 7730. நம் ஊரில் வேலை செய்ய மிஞ்சும் இடைவெளி மிகக் குறுகியது. அதனால்தான் மலிவு சென்சர் என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்கிப் புதைப்பதை நான் எதிர்க்கிறேன். தெர்மிஸ்டர் என்ற இன்னொரு வகை ஒரு டிகிரிக்கு அதிகம் துள்ளும், விலையும் குறைவு. வீட்டு ஏர்கானுக்கு அது போதும். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய தரைக்குள் வைப்பதற்கு எனக்குப் பிளாட்டினம்தான் சம்மதம்.

புதைக்கும் நாளை நேரில் பார்த்தால் இந்தக் கருவியின் விதி எவ்வளவு சின்ன விஷயத்தில் தொங்குகிறது என்று தெரியும். பி.ஆர்.சி. கம்பிவலை விரித்து, அதன்மேல் பெக்ஸ் குழாயைச் சுருள் சுருளாக ஓட்டிக் கட்டியிருப்பார்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே எலக்ட்ரீஷியன் ஒரு வெற்று பி.வி.சி. குழாயை நீட்டி, சுவர்ப் பெட்டிவரை கொண்டுபோவார். உள்முனையை மூடி போட்டு, பசை தடவி, டேப் சுற்றி அடைப்பார். அடைக்காவிட்டால் சிமெண்ட் பால் உள்ளே புகுந்து இறுகிவிடும். சுவரில் ஏறும் இடத்தில் கூர்மையாக ஒடிக்காமல் அகன்ற வளைவு கொடுப்பார். சென்சரை அந்தக் குழாய்க்குள் தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளிப் பார்ப்பார். இழுக்க வந்தால்தான் வேலை முடிந்தது. பிளாட்டினம் நூறாண்டு வாழும், அதன் ஒயர் வாழாது. எறும்பு கடிக்கும், மூட்டு அரிக்கும், மின்னல் தாக்கும். இழுத்து எடுத்துப் புதியதைத் தள்ள முடிந்தால் அது பத்து நிமிட வேலை. நேராகக் காங்கிரீட்டில் புதைத்திருந்தால் அந்தத் தரைக்கு இனி வாய் கிடையாது.

ஏற்கெனவே ஊற்றிய தரையில் சேர்க்க முடியாதா என்றால், முடியும். குழாயில் நீரை ஓட்டி, தெர்மல் கேமராவால் தரையைப் பார்த்தால் வரிகள் கோடுகோடாகத் தெரியும். அவற்றுக்கு நடுவில் சாக்கட்டியால் குறித்து, ஆழத்துக்குத் தடை வைத்த டிரில்லால் மேலோட்டமாக ஒரு குழி அல்லது காடி வெட்டி, சென்சரை வெப்பப் பசையோடு அமர்த்தி, சாந்தால் மூடலாம். கை ஒரு அங்குலம் தவறினால் பெக்ஸ் கிழியும். கிழிந்தால் தரையை உடைக்க வேண்டும். உறைகிடங்கில் நிலைமை இன்னும் மோசம்: சூட்டு அடுக்கு காப்புப் பலகைக்கும் கீழே இருப்பதால், மேலிருந்து துளைத்தால் நீராவித் தடுப்புப் படலம் கிழிந்து, ஈரம் உள்ளே ஏறிப் பனியாகும். அங்கே பின்னால் சேர்ப்பதற்கு நல்ல வழி என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கிள்ளானிலோ ஷா ஆலமிலோ கிடங்கு கட்டும் முதலாளிகளுக்கும், அலுவலகத் தரைக்குள் குளிர்நீர் ஓட்ட நினைப்பவர்களுக்கும், அந்த வேலையை எடுக்கும் நம் குத்தகைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காங்கிரீட் லாரி வருவதற்கு முதல் நாள், ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு வெற்றுக் குழாய் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். உறைகிடங்கென்றால் இரண்டிலும் சென்சர்; மற்ற இடங்களில் ஒன்றில் சென்சர், மற்றொன்று காலியாக இருக்கட்டும். சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் பிடித்து, டேப் தெரியும்படியே படம் எடுத்து, கட்டட வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள். செலவு சில பத்து ரிங்கிட்டும் அரை நாள் கூலியும்தான்.